சங்கு, கந்தகம், ஒரு ட்யூப்: முகப்பரு மருந்துகளின் கதை

காணையில் எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் இன்னும் ஒரு சந்தனக் கல் கிடக்கிறது. எங்க ஆயா இருந்த காலத்தில் அதில் சந்தனத்தைவிட சங்கும் ஜாதிக்காயும்தான் அதிகம் உரசப்பட்டன. நான் பத்தாவது படிக்கும்போது நெற்றி முழுக்கப் பரு. ராத்திரி படுக்கப் போகும்முன் கல்லில் நாலு சொட்டு தண்ணீர் விட்டு, சங்கை வட்டமாக உரசி, அந்த வெள்ளைக் குழம்பை ஆயா விரலால் தொட்டு வைப்பார். காலையில் அது காய்ந்து சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருக்கும். பரு போனதா என்றால், போனது. ஆனால் ஐந்து வருஷம் கழித்து.

இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அக்கா மகளைப் பார்த்தேன். பன்னிரண்டாவது படிக்கிறாள். கன்னம் ரெண்டும் செக்கச் சிவந்து, மெல்லிய நரம்புகள் தெரிய, அதன்மேல் ஒரே அளவில் பொடிப்பொடியாகப் பருக்கள். "வெயில்ல போனா எரியுது மாமா" என்றாள். என்ன போடுகிறாய் என்று கேட்டதும் ஒரு சின்ன ட்யூபை எடுத்து வந்தாள். தீபாவளிக்கு முன்னால் மெடிக்கலில் "பருவுக்கு ஏதாவது குடுங்க" என்று கேட்டு வாங்கியது. மூணே நாளில் முகம் பளிச்சென்று ஆகிவிட்டதாம். அதனால் விடாமல் போட்டிருக்கிறாள். நிறுத்தினால் ரெண்டு நாளில் முன்னைவிட மோசமாக வருகிறது. மறுபடி போட்டால் அடங்குகிறது.

ட்யூபின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த பெயர்களை மொபைலில் பெரிதாக்கிப் படித்தேன். அதில் ஒன்று ஸ்டெராய்டு. சென்னை திரும்பிய பிறகு சில வாரங்கள் ராத்திரி உட்கார்ந்து படித்ததன் குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை. நான் மருத்துவன் இல்லை, மென்பொருள் எழுதுகிறவன். ஆனால் ஒரு கேள்வி விடவில்லை: ஆயாவின் சங்கிலிருந்து இந்த ட்யூப் வரை நாம் எப்படி வந்து சேர்ந்தோம்?

முதலில், பரு எப்படி வருகிறது

முகத்தில் ஒவ்வொரு மயிர்க்காலின் பக்கத்திலும் ஒரு எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. பருவ வயதில் ஆண்ட்ரோஜன் ஹார்மோன்கள் ஏறும்போது (பெண்களுக்கும் இது உண்டு) அந்தச் சுரப்பி அதிக எண்ணெய் விடுகிறது. அதே நேரம் துவாரத்தின் உள்சுவரில் உதிரும் செல்கள் ஒழுங்காக வெளியே வராமல் ஒட்டிக்கொண்டு அடைத்துவிடுகின்றன. அடைப்புக்குப் பின்னால் காற்று இல்லாத, எண்ணெய் நிறைந்த ஒரு சின்ன அறை உருவாகிறது. காற்றில்லாத இடத்தை விரும்பும் ஒரு பாக்டீரியா அங்கே பெருகுகிறது. உடம்பின் எதிர்ப்பு சக்தி அதைக் கண்டுகொண்டு சண்டைக்கு வருகிறது; சிவப்பு, வீக்கம், சீழ்.

ஆக நாலு படி: எண்ணெய், அடைப்பு, கிருமி, அழற்சி. பருவுக்கு மனிதன் கண்டுபிடித்த எந்த மருந்தை எடுத்தாலும் இந்த நாலில் எதைத் தொடுகிறது என்று கேட்டால் போதும், பாதி விஷயம் புரிந்துவிடும்.

இன்னொன்று. கரும்புள்ளியின் கறுப்பு அழுக்கு இல்லை. அடைப்பின் வாய் திறந்திருக்கும்போது அதில் இருக்கும் நிறமி காற்றுபட்டுக் கறுக்கிறது, அவ்வளவுதான். சோப்பு போட்டு எவ்வளவு தேய்த்தாலும் போகாததற்குக் காரணம் அதுதான். "மூஞ்சியை ஒழுங்கா கழுவு" என்று நம் எல்லோரையும் திட்டியது வீண்.

அஞ்சறைப் பெட்டியும் நாட்டு மருந்துக் கடையும்

நம்மூரில் பருவுக்குப் போட்டவை: சங்கு, ஜாதிக்காய், கஸ்தூரி மஞ்சள், சந்தனம், வேப்பிலை, குப்பைமேனி, பயத்தமாவு. இவற்றை நாலு படிகளோடு பொருத்திப் பார்த்தேன்.

சங்கு கால்சியம் கார்பனேட். உரசிய நுண்ணிய தூள் மேலே இருக்கும் எண்ணெயை உறிஞ்சும், காய்ந்து இறுகும்போது பரு வற்றுவது போலத் தோன்றும். துவாரத்துக்குள் இருக்கும் அடைப்பை அது தொடாது. சந்தனமும் வேப்பிலையும் குளிர்ச்சியும் கொஞ்சம் கிருமி எதிர்ப்பும் தரும். மஞ்சளில் இருக்கும் குர்குமின் அழற்சியைத் தணிக்கும் என்று ஆய்வகத்தில் நிறையக் காட்டியிருக்கிறார்கள். தோலுக்குள் அது அவ்வளவு எளிதில் இறங்காது என்பதுதான் சிக்கல். மஞ்சளை வைத்துப் புண் ஆற்றுவதற்கு 1995-ல் அமெரிக்காவில் ஒரு காப்புரிமையே கொடுத்தார்கள். நம் சிஎஸ்ஐஆர் வழக்காடி, இது எங்கள் பாட்டிகளுக்குத் தெரிந்ததுதான் என்று பழைய நூல்களைக் காட்ட, 1997-ல் அதை ரத்து செய்தார்கள்.

ஜாதிக்காய்க் கதைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அதன் தாவரப் பெயர் மிரிஸ்டிகா. 1841-ல் லயன் பிளேஃபேர் என்ற வேதியியலாளர் ஜாதிக்காய்க் கொழுப்பிலிருந்து ஒரு அமிலத்தைப் பிரித்தார். மிரிஸ்டிகாவிலிருந்து வந்ததால் மிரிஸ்டிக் அமிலம் என்று பெயர். அதிலிருந்து செய்யும் ஐசோபுரோப்பைல் மிரிஸ்டேட் பிற்காலத்தில் முகக் க்ரீம்களில் வழவழப்புக்காகச் சேர்க்கப்பட்டது. 1970-களில் முயலின் காதில் அழகுசாதனங்களைத் தடவிச் சோதித்தபோது துவாரத்தை நன்றாக அடைக்கும் பொருட்களின் பட்டியலில் அது முன்வரிசையில் நின்றது! ஜாதிக்காயில் கிருமியை எதிர்க்கும் பொருட்களும் உண்டு. கல்லில் தண்ணீர் விட்டு உரசும்போது வருகிற கொழுப்பு மிகக் குறைவு. ஆனாலும் பருவுக்குப் போட்ட காயின் பெயரே பருவை வரவழைக்கும் பொருளுக்கும் போய்ச் சேர்ந்தது வேடிக்கைதான்.

இந்தப் பட்டியலில் நிஜமாகவே அடைப்பைத் தொட்டது ஒன்று உண்டு. கந்தகம். சித்த மருத்துவத்தில் தோல் நோய் என்றாலே கந்தகம் முன்னால் வந்து நிற்கும். தோலில் பட்டதும் அது செல்களோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாறுகிறது. அழுகிய முட்டை நாற்றம் அதனால்தான். அந்தப் பொருள் மேல்தோலின் கெரட்டினைத் தளர்த்தி உதிரவைக்கிறது, கிருமியையும் ஓரளவு அடக்குகிறது. ஐரோப்பிய மருத்துவமும் இதே கந்தகத்தைத்தான் நூற்றாண்டுக் கணக்கில் நம்பியது. 1950-களில் அமெரிக்கப் பையன்களுக்கென்று தோல் நிறத்திலேயே வந்த கிளியரசில் க்ரீமில் இருந்ததும் கந்தகமும் ரிசார்சினாலும்தான். நாட்டு மருந்துக் கடைப் பொட்டலமும் அமெரிக்க டிவி விளம்பரமும் ஒரே பொருளில் சந்தித்துக்கொண்டன.

எக்ஸ்ரே, ப்ளீச்சிங் பவுடர் வகையறா

1896-ல் உன்னா என்ற ஜெர்மன் மருத்துவர் பருவுக்குள் ஒரு பாக்டீரியாவை நுண்ணோக்கியில் பார்த்தார். பின்னாளில் அதற்குப் புரோப்பியோனிபாக்டீரியம் ஆக்னஸ் என்று பெயர் வந்து, 2016-ல் கியூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்று மாறியது. ஏறக்குறைய உன்னாவின் காலத்தில்தான் எக்ஸ்ரேயும் வந்தது. புதுசாக ஒன்று வந்தால் எல்லாவற்றுக்கும் போட்டுப் பார்ப்பதுதானே வழக்கம். இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதி முழுக்க மேலை நாடுகளில் பருவுக்கு முகத்தில் எக்ஸ்ரே கொடுத்தார்கள். எண்ணெய்ச் சுரப்பிகள் சுருங்கி, பரு நிஜமாகவே போனது. இருபது முப்பது வருஷம் கழித்து அவர்களில் பலருக்குத் தைராய்டு புற்றுநோயும் தோல் புற்றுநோயும் வந்தபோதுதான் அந்தப் பளபளப்பின் விலை தெரிந்தது. இந்த வடிவத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: சீக்கிரம் போகும், பிறகு வேறு உருவத்தில் வரும். கடைசியில் இதற்கே திரும்பி வருவோம்.

இன்றைக்கும் முதல் வரிசையில் நிற்கும் பென்சாயில் பெராக்ஸைடு மாவு வெளுக்கப் பயன்பட்ட ரசாயனம். தோலில் பட்டதும் ஆக்ஸிஜனை விடுகிறது. நம் பாக்டீரியாவுக்குக் காற்று ஆகாது என்றேன் இல்லையா, அதன் அறைக்குள்ளேயே காற்றைத் திறந்துவிடுகிற வேலை இது. ஆன்டிபயாடிக்குக்குப் பழகிக்கொள்வதுபோல இதற்குக் கிருமி பழகிக்கொள்வதில்லை. இதன் ஒரே தொல்லை, தலையணை உறையும் துண்டும் வெளுத்துவிடும். தோலும் ஆரம்பத்தில் வறளும்.

1950-களிலிருந்து டெட்ராசைக்கிளின் மாத்திரை, பிறகு கிளிண்டாமைசின் பூச்சு. இவை கிருமியைக் கொல்வதோடு அழற்சியையும் குறைக்கின்றன. ஆனால் தனியாக மாதக்கணக்கில் போட்டால் கிருமி பழகிவிடும். அதனால்தான் மருத்துவர்கள் கிளிண்டாமைசினோடு பென்சாயில் பெராக்ஸைடைச் சேர்த்து எழுதுகிறார்கள். சாலிசிலிக் அமிலம் எண்ணெயில் கரையக்கூடியது, அதனால் துவாரத்துக்குள் இறங்கி அடைப்பைத் தளர்த்தும். வேலை மெதுவானது, லேசான பருவுக்குச் சரி.

சிறைச்சாலையிலிருந்து வந்த மருந்து

பருவின் வரலாற்றில் தவிர்க்க முடியாத ஒரு பெயர் ஆல்பர்ட் கிளிக்மன். பென்சில்வேனியா பல்கலைக்கழகத் தோல் மருத்துவர். வைட்டமின் ஏ-யின் அமில வடிவமான டிரெட்டினாயின் துவாரத்துச் சுவரின் செல்கள் ஒட்டாமல் உதிரவைக்கிறது, அதாவது அடைப்பின் வேரையே தொடுகிறது என்று 1969-ல் அவர் குழு எழுதியது. 1971-ல் அமெரிக்காவில் அது மருந்தாக அனுமதி பெற்றது. இன்று நம்மூர்க் கடைகளில் கிடைக்கும் அடாபலீன் அதன் தோல் தாங்கக்கூடிய தம்பி.

ஆனால் கிளிக்மன் 1951 முதல் 1974 வரை பல சோதனைகளைச் செய்த இடம் ஃபிலடெல்ஃபியாவின் ஹோம்ஸ்பர்க் சிறை. கைதிகள், பெரும்பாலும் கறுப்பினத்தவர். சில டாலர்களுக்கு முதுகைக் கொடுத்தார்கள். என்ன தடவுகிறார்கள் என்று பலருக்குத் தெரியாது. டயாக்சின் என்ற கொடிய நஞ்சைக்கூட அங்கே தோலில் போட்டுச் சோதித்தார்கள். ஆலன் ஹார்ன்ப்லம் 1998-ல் இதை 'ஏக்கர்ஸ் ஆஃப் ஸ்கின்' என்ற புத்தகமாக எழுதினார். 2021-ல் அந்தப் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளி மன்னிப்புக் கேட்டது. நம் குளியலறை அலமாரியில் இருக்கும் ஒரு நல்ல மருந்துக்குப் பின்னால் இப்படி ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது.

வைட்டமின் ஏ குடும்பத்தின் இன்னொரு பிள்ளை ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை. நாலு படிகளையும் ஒன்றாகத் தொடும் ஒரே மருந்து. எண்ணெய்ச் சுரப்பியையே சுருக்கிவிடும். 1982-ல் அமெரிக்காவில் வந்தது. வந்த ஒன்றிரண்டு வருஷத்திலேயே, கர்ப்ப காலத்தில் சாப்பிட்ட பெண்களின் குழந்தைகள் கடுமையான ஊனங்களோடு பிறந்தன. கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்யாமல் இதைப் பெண்களுக்குக் கொடுக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு அப்படித்தான் வந்தது. பருவுக்கு மாத்திரை என்று யாராவது சீட்டு இல்லாமல் கொடுத்தால் இந்த ஒரு வரியை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த ட்யூப்

1952-ல் சல்ஸ்பர்கரும் விட்டனும் ஹைட்ரோகார்ட்டிசோனைத் தோலில் பூசி நோய் அடங்குவதைக் காட்டினார்கள். எக்ஸிமாவில் தவித்தவர்களுக்கு அது வரப்பிரசாதம். அடுத்த இருபது வருஷத்தில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்று ஒன்றைவிட ஒன்று வீரியமாக வந்தன. ஸ்டெராய்டு கெட்ட மருந்து இல்லை. சரியான நோய்க்கு, சரியான இடத்தில், சரியான நாட்களுக்கு அது பெரிய மருந்து.

பருவில் அது என்ன செய்கிறது? எண்ணெயைத் தொடாது. அடைப்பைத் திறக்காது. கிருமியைக் கொல்லாது. நாலாவது படியை மட்டும் அமுக்குகிறது. ரத்தக் குழாய்கள் சுருங்குவதால் சிவப்பு போகிறது, எதிர்ப்பு சக்தி அடங்குவதால் வீக்கம் போகிறது, நிறமி குறைவதால் முகம் வெளுக்கிறது. மூணு நாளில் பளிச். என் தொழிலில் சொன்னால், சர்வரில் எர்ரர் வருகிறது என்று அலெர்ட்டை அணைத்து வைப்பது. டாஷ்போர்டு பச்சையாக இருக்கும். உள்ளே எரிந்துகொண்டிருக்கும்.

மாதக்கணக்கில் போனால் தோல் மெலிகிறது, நரம்பு தெரிகிறது, ரோமம் வளர்கிறது, வெயில் பட்டால் எரிகிறது. ஸ்டெராய்டு தானே துவாரங்களை அடைத்துப் பருவை உண்டாக்கும் என்பதை பிளெவிக்கும் அதே கிளிக்மனும் 1973-லேயே காட்டிவிட்டார்கள். நிறுத்தினால் சுருங்கியிருந்த குழாய்கள் ஒரேயடியாக விரிந்து முகம் பழிவாங்குகிறது. பயந்துபோய் மறுபடி போடுகிறோம். அக்கா மகள் மூணு மாதம் சுற்றிய வட்டம் இதுதான்.

இது எப்படி நம் மெடிக்கல் கடை வரை வந்தது? 1975-ல் கிளிக்மனும் வில்லிஸும் கரும்படலத்துக்கு ஒரு சூத்திரம் வெளியிட்டார்கள்: ஹைட்ரோகுயினோன், டிரெட்டினாயின், டெக்ஸாமெத்தசோன் மூன்றும் கலந்தது. மருத்துவர் கண்காணிப்பில், குறைந்த காலத்துக்கு. அதே 1975-ல்தான் இந்தியாவில் ஃபேர் அண்ட் லவ்லி வந்தது. அதில் ஸ்டெராய்டு கிடையாது. ஆனால் முகம் வெளுத்தால் வாழ்க்கை வெளுக்கும் என்ற ஆசையை வீட்டுக்கு வீடு நட்டதில் அதற்குப் பங்கு உண்டு. பிற்காலத்தில் டெக்ஸாமெத்தசோனுக்குப் பதிலாக அதைவிட வீரியமான மொமெட்டசோனைப் போட்டு அந்த மூன்று மருந்துக் கலவை இங்கே விற்பனைக்கு வந்தபோது, ஆசை தயாராகக் காத்திருந்தது. இன்னொரு பக்கம் ஸ்டெராய்டு, ஆன்டிபயாடிக், படர்தாமரை மருந்து எல்லாம் ஒரே ட்யூபில். சொறிக்கும் அது, பருவுக்கும் அது.

சட்டத்திலும் ஒரு ஓட்டை இருந்தது. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகளின் பட்டியல் 'எச்' அட்டவணை. ஸ்டெராய்டுகள் அதில் உண்டு. ஆனால் வெளிப்பூச்சுக்கு விலக்கு என்ற பொருளில் ஒரு குறிப்பும் கூடவே இருந்தது. அந்த ஒரு வரியால் பல வருஷம் ஸ்டெராய்டு க்ரீம் பல்பொடி மாதிரி விற்றது.

2011-ல் இந்தியத் தோல் மருத்துவர்கள் 12 மையங்களில் எடுத்த கணக்கை வெளியிட்டார்கள். முகத்தில் தோல் பிரச்சினையோடு வந்த 2926 பேரில் 433 பேர், அதாவது 14.8 சதவீதம், முகத்துக்கு ஸ்டெராய்டு பூசியிருந்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அதைச் சொன்னது மருத்துவர் இல்லை. கடைக்காரர், தோழி, அழகு நிலையம். பக்கவிளைவுகளில் முதலில் நின்றது எது தெரியுமா? பரு. பருவுக்குப் போட்ட மருந்தால் வந்த பரு.

தோல் மருத்துவர்களின் சங்கம் தனிக்குழு அமைத்துப் போராடியது. 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 ஸ்டெராய்டு பூச்சுகளை 'எச்' அட்டவணைக்குள் கொண்டுவந்தது. அதே வருஷம் செப்டம்பரில் தடை செய்த 328 கலவை மருந்துகளில் இப்படிப்பட்ட சில க்ரீம்களும் இருந்தன. சட்டம் வந்துவிட்டது. ஆனால் போன தீபாவளிக்கு ஒரு பதினேழு வயதுப் பெண் சீட்டு இல்லாமல் அதை வாங்கி வந்திருக்கிறாள்.

கடைக்காரரை மட்டும் திட்டி முடிக்க எனக்கு மனம் வரவில்லை. நம்மூரில் பருவுக்கு டாக்டரிடம் போவது ஆடம்பரம். "வயசானா தானா போயிடும்" என்று எனக்குச் சொன்னதைத்தான் அவளுக்கும் சொல்லியிருக்கிறோம். கூடவே "இப்படி மூஞ்சியோட நின்னா யார் பார்ப்பாங்க" என்றும் சொல்லியிருக்கிறோம். இந்த ரெண்டு வாக்கியத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவள் மூணு நாளில் பதில் தரும் ட்யூபைத்தான் எடுப்பாள்.

செய்யக்கூடியது என்ன

ட்யூபைத் திருப்பிப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால், டெக்ஸாமெத்தசோன், ஃபுளூசினோலோன், பெக்ளோமெத்தசோன்: இவற்றில் எது இருந்தாலும் அது ஸ்டெராய்டு. ஆர்எக்ஸ் குறி இருந்தால் சீட்டு வேண்டும் என்று அர்த்தம். மாதக்கணக்கில் போட்டிருந்தால் பயத்தில் ஒரே நாளில் தூக்கி எறியாமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். படிப்படியாக இறக்குவதற்கு வழி வைத்திருப்பார்கள். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, பாண்டியில் ஜிப்மர் இருக்கிறது. பணம் ஒரு தடை இல்லை.

பிறகு பொறுமை. அடைப்பு உருவாகி வெளியே பருவாகத் தெரியவே சில வாரங்கள் ஆகும். அதனால் நேர்மையான எந்தப் பரு மருந்தும் பலன் காட்ட 8 முதல் 12 வாரம் எடுக்கும். மூணு நாளில் மாயம் செய்கிற க்ரீம் என்றால் அதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

அக்கா மகளை ஜனவரி கடைசியில் தோல் மருத்துவரிடம் கூட்டிப் போனார்கள். முதல் ஒரு மாதம் முகம் நெருப்பாக எரிந்தது. பள்ளிக்கே போக மாட்டேன் என்று அழுதாள். இப்போது சிவப்பு பாதி குறைந்திருக்கிறது. கன்னத்து நரம்புகள் இன்னும் தெரிகின்றன, அவை போக நாளாகும் என்றார்களாம். போன வாரம் போனில் கேட்டாள், "மாமா, ஆயா போட்ட சங்கையே போட்டிருக்கலாமா?" சங்கு பருவைப் போக்காது என்று சொன்னேன். ஆனால் அது அவளை இந்த இடத்துக்குக் கொண்டுவந்து விட்டிருக்காது. அதையும் சொன்னேன்.